பருவமாறுதலும் ரப்பர் மரத்தின் பால்வெட்டும்

கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவ மழைகளும் உண்டு. ஆயினும் தற்காலத்தில் மழை காலந்தவறிப் பெய்வதும், கோடையின் உஷ்ணம் மிகுவதும் பால்வெட்டு நாட்களைக் குறைத்துவிடுகின்றன. இழந்த நாட்களை ஈடு செய்யும்பொருட்டுச் சிலர் மழை விட்டவுடன் தினந்தோறும் மரத்தை வெட்டுகின்றனர். இதனால் விளையும் கேட்டைக் குடியானவர்கள் நன்கு உணர்தல் வேண்டும்.

ரப்பர்ப் பால் மரத்தின் சாறு அன்று. மரத்தையொட்டிய மெல்லிய உட்பட்டையிலுள்ள நுண்ணிய குழாய்களில் அது உற்பத்தியாகின்றது. அக்குழாய்களில் நீரின் அழுத்தம் விடியற்காலையில் மிகுந்தும், வெயில் ஏற ஏறக் குறைந்தும் இருக்கும். ஆகையால் அதிகாலை வெட்டே மிகுந்த பால் தரும். வடிந்த பாலுக்குப் பதிலாக, இலைகள் தயாரிக்கும் சர்க்கரையினின்றும் புதிய பால் ஊற இரண்டு மூன்று நாட்களேனும் செல்லும். அவ்வவகாசம் கொடாது வெட்டினால் பட்டை உலர்ந்து பால் அற்றுப்போம்.

எனவே கீழ்க்கண்டவற்றை அனுசரித்தல் நலம்:

1. ஒருநாள் அல்லது இருநாள் இடைவிட்டே பால் வெட்டுக. கத்தி, மரத்தையொட்டிய வளர்படலத்தில் படலாகாது.

2. மழைக்கு முன்னரே வெட்டுவாய்க்கு மேல் பாலிதீன் மழைக்காப்புக் கட்டுக. இழக்கும் நாட்களை மீட்க இதுவே நேர்வழி.

3. மழைக்காலத்து இலையுதிர்வு நோயைத் தடுக்க, பருவமழை தொடங்குமுன் 1 சதவீத போர்டோக் கலவையைத் தெளிக்க.

4. இளங்கன்றுகளின் அடியில் கோடைக்கு முன் தழை மூடாக்கிட்டு, தண்டிற்குச் சுண்ணாம்பு பூசுக.

5. சரிவுகளில் பயறுவகை மூடுபயிர் வளர்த்தால் மண் அரிப்பு நீங்கி, ஈரமும் தங்கும்.

6. புதுத்தோட்டம் முழுவதும் ஒரே இரகத்தை நடாது, சிபாரிசு செய்யப்பட்ட பல இரகங்களைக் கலந்து நடுக. ஒரு நோய் யாவற்றையும் ஒருங்கே தாக்கும் அபாயம் இதனால் குறையும்.

2017-ம் வருஷம் நவம்பர் மாதக் கடைசியில் வீசிய ஒக்கிப் புயலில் இம்மாவட்டத்து ரப்பர் மரங்கள் ஏராளமாக முறிந்து வீழ்ந்தன. புதுக்கன்று பால்வெட்டுக்கு வர ஏறக்குறைய ஏழு வருஷங்கள் ஆகும். ஆதலின் நிற்கும் மரத்தின் பட்டையே குடியானவரின் முதல். அதை அழித்து வட்டி தேடலாகாது. கிராம உத்தியோகஸ்தர்கள் மே மாதத்திற்குள் சிறு தோட்டக்காரர்களைக் கூட்டி, மழைக்காப்பும் மருந்துத் தெளிப்பும் அண்டைத் தோட்டங்கள் யாவற்றிலும் ஒரே சமயத்தில் நடைபெறச் செய்வாராயின் பெரும்பயன் விளையும்.