காற்றில்லா டயர் நமக்கு ஏற்றதா?

சைக்கிள் ஓட்டுபவருக்கு முதல் எதிரி பஞ்சர். ஆணியும் கண்ணாடித் துண்டும் ஒன்றும் செய்ய முடியாத காற்றில்லா டயர் விற்பனைக்கு வந்த பின்னும் நம்மில் பெரும்பாலோர் ஏன் இன்னும் பம்ப்பைத் தேடுகிறோம்?

ஒரு விதத்தில் இது பழைய பொருள்தான். முற்காலச் சைக்கிள்களில் இருந்தது கெட்டி ரப்பர். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்த காற்று டயருக்கு 1888-இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டே பந்தயங்களில் அது வென்றது. பஞ்சராகும் என்று தெரிந்தும் மக்கள் காற்றையே விரும்பினார்கள்.

காரணம் எளிது. உருளும் டயரில் தரையைத் தொடும் பகுதி நசுங்கி நிமிர்கிறது. நசுங்கும்போது வாங்கிய ஆற்றலை ரப்பர் முழுதாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிவிடும். இதற்குத் தமிழில் 'தயக்கம்' என்று பெயர். இடைநிலைப்பள்ளியில் மலாயில் அறிவியல் படித்த எனக்கு அந்தச் சொல் பிறகுதான் கிடைத்தது. திருப்பித் தரத் தயங்குகிறது. வேறு விளக்கமே வேண்டாம்! காற்றுக்கு அந்தத் தயக்கம் மிகக் குறைவு. காற்றை எடுத்துவிட்டால் நசுங்குவதெல்லாம் ரப்பர்தான். அந்த நட்டத்தை நம் கால்கள் கட்டுகின்றன. பள்ளத்தில் விழும் அடியைக் கைகள் வாங்குகின்றன. தேன்கூடுபோல் துளையிட்டவை, நுரைப்பொருளால் ஆனவை எனப் புதியவை வந்து இந்தக் குறையைக் குறைத்திருக்கின்றன, போக்கிவிடவில்லை.

ஆனால், 2016-இல் ஷாங்காய் நகரில் தொடங்கிய மோபைக் வாடகைச் சைக்கிள்கள் காற்றில்லா டயருடனேயே வந்தன. தெருவெங்கும் வண்டிகளை விட்ட நிறுவனத்துக்குப் பஞ்சர் ஒட்ட ஆள் அனுப்புவது பெருஞ்செலவு. வாடிக்கையாளர் கூடுதலாக மிதிப்பதோ அதன் கணக்கில் வராது. மிதிப்பவர் வேறு, பணம் போடுபவர் வேறு. சொந்தச் சைக்கிளில் இருவரும் ஒருவரே.

பஞ்சர் சிறு தொல்லைதானே என்று மாணவர் நாம் சொல்லிவிடலாம். விடியற்காலை வேலைக்குப் போகிறவருக்கு அது பிடித்தம் செய்யப்படும் சம்பளம். என் அப்பா பல ஆண்டுகள் தொழிற்சாலைக்குச் சைக்கிளில் போனவர். இதுபற்றிக் கேட்டேன். "பையில எப்பவும் ஒரு டியூப் இருக்கும், கால்மணி நேர வேலை. தினமும் மேடு ஏறுறதுதான் வலி" என்றார்.

மோட்டார் துணை செய்யும் மின்சைக்கிளில் அந்த வலி குறையும். மோட்டார் பொருத்திய பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றுவதும் பெரும்பாடு. அன்றாடப் பயணிகளிடம் காற்றில்லா டயர் செல்லுமானால், முதலில் அங்கேதான் செல்லும் என்பது என் கணிப்பு.