ஸீரோ நாலெட்ஜ் புரூப்: பிளாக்செயினுக்கு வேகம் தரும் கணக்கு

சென்ற மாதம் பயிற்சிக்காக ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். கணக்கில் 100 டோக்கன் இருக்கிறது; அதிலிருந்து 500 அனுப்ப முயன்றால் மறுக்க வேண்டும். ஆனால் என் புரோகிராம் மறுக்கவில்லை. "சரியாக நடந்தது" என்று புரூப்பே தயாரித்துக் கொடுத்துவிட்டது! காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்த புரூப் எதற்கு என்று பார்ப்போம்.

2015ல் தொடங்கிய எத்தீரியம் பிளாக்செயினில் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எனப்படும் புரோகிராம்கள் இயங்குகின்றன. ஒருவர் ஒரு கான்ட்ராக்டை இயக்கினால், நெட்வொர்க்கில் உள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களும் அதே கணக்கைத் தாங்களும் போட்டுச் சரிபார்ப்பது என்பதே இதன் அமைப்பு. எனவே ஆயிரம் கம்ப்யூட்டர்களைக் கூடுதலாகச் சேர்த்தாலும் வேகம் கூடாது. கூட்டம் அதிகமானால் கட்டணம்தான் கூடும்.

இப்போது ஒரு கணக்கு. 8051ஐ எந்த இரு எண்களைப் பெருக்கிப் பெறலாம்? பேப்பரும் பேனாவும் எடுத்தால் சற்று நேரமாகும். விடை 83, 97 என்று நான் சொல்லிவிட்டால் பெருக்கிப் பார்க்க அரை நிமிடம் போதும். கண்டுபிடிப்பது கஷ்டம், சரிபார்ப்பது சுலபம்.

ரோல்அப் செய்வதும் ஏறக்குறைய இதைத்தான். ஆயிரக்கணக்கான பரிமாற்றங்களை வெளியே ஒரு கம்ப்யூட்டர் செய்து முடித்து, புதிய நிலையையும் ஒரு சிறிய புரூப்பையும் எத்தீரியத்துக்கு அனுப்புகிறது. அங்குள்ள கான்ட்ராக்ட் புரூப்பை மட்டும் சரிபார்க்கும். ஸ்டார்க்நெட் 2021லும், இஸட்கேசிங்க் எரா 2023லும் இவ்வாறு வந்தவை.

எத்தீரியத்தில் சாதாரணப் பரிமாற்றத்திற்கு 21,000 காஸ் செலவாகும். குரோத்16 வகை புரூப் ஒன்றைச் சரிபார்க்கச் சுமார் 2 லட்சம் காஸ். அதில் 1,000 பரிமாற்றங்கள் அடங்கினால் ஒன்றுக்கு 200தான். டேட்டாவைப் பதியும் செலவு தனி. 2024 மார்ச்சில் வந்த பிளாப் வசதி அதையும் வெகுவாகக் குறைத்தது.

பெயர்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கோல்ட்வாசர், மிகாலி, ராக்கோஃப் மூவரும் 1985ல் இக்கருத்தை வெளியிட்டபோது, ரகசியத்தைச் சொல்லாமலே நிரூபிப்பதுதான் பேச்சு. பெரும்பாலான ரோல்அப்களில் ரகசியம் எதுவும் இல்லை; புரூப் சிறியது என்பதே பயன். உங்கள் பரிமாற்றம் மறைந்திருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

சரி, என் தவறு என்ன? இந்தக் கணக்குகள் ஒரு பெரிய பகா எண்ணுக்குள் சுற்றி வருபவை, கடிகாரம் 12க்குப் பின் 1 காட்டுவது போல. இங்கே மைனஸ் எண் கிடையாது. 100ல் 500 போனால் மைனஸ் 400க்குப் பதில், பகா எண்ணில் 400 குறைவான ராட்சத எண் மீதியாக வந்தது. திருடன் கோடீஸ்வரன் ஆகிவிட்டான்! புரூப் பொய் சொல்லவில்லை. நான் எழுதிய விதியில் ஓட்டை. விதியில் இல்லாததை எந்த புரூப்பும் காக்காது.

அனுப்பும் தொகை, மீதி இரண்டுமே 64 பிட்டுக்குள் அடங்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தேன். அதன்பின் புரூப் உருவாகவே இல்லை. சர்காம், ஸ்னார்க்ஜேஎஸ் இரண்டும் இலவசம். நீங்களும் இறக்கி, முதலில் அந்த நிபந்தனை இல்லாமல் 100ல் 500ஐக் கழித்துப் பாருங்கள்.