சாயம் பூசிய ஸ்க்ரூ

பழைய மாருதி எஸ்டீம் காரின் த்ராட்டில் பாடியில், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வந்து சேரும் லீவரின் அருகே, சாயம் பூசி முத்திரையிட்ட சிறு ஸ்க்ரூ ஒன்று உண்டு. தொழிற்சாலையில் ஒருமுறை நிர்ணயித்தபின் பட்டறையில் எவரும் அதைத் திருக அவசியமில்லை என்பதை உணர்த்தவே அந்தச் சாயம். என் காரில் அதைத் திருகினார்கள். அதனால் நேர்ந்த பொருள் நஷ்டத்தையும் மன வேதனையையும் இன்னும் மறக்க இயலாத நிலையில், என்னைப் போலவே பழைய எம்.பி.எஃப்.ஐ. (பெட்ரோல் இன்ஜெக்ஷன்) வண்டியை விற்க மனமில்லாமல் அபிமானத்தோடு வைத்திருக்கும் அன்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1994-இல் எஸ்டீம் வந்தபோது அதற்கு இருந்தது கார்புரேட்டர். 2000-ஆம் ஆண்டில் நாடெங்கும் புகை விதிகள் கடுமையானதை ஒட்டி, பெட்ரோல் கார்களில் கார்புரேட்டர் படிப்படியாக மறைந்து, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டர்களும் அவற்றை ஆளும் ஈ.சி.எம். என்னும் கம்ப்யூட்டர் பெட்டியும் இடம் பிடித்தன. யந்திரம் மாறிற்று, பல பட்டறைகளில் கைப்பழக்கம் மாறவில்லை. கார்புரேட்டரில் ஐடிலிங் குறைந்தால் ஸ்க்ரூவைத் திருகிக் காதால் கேட்டுச் சரிசெய்வது நியாயமான வித்தை. இன்ஜெக்ஷன் வண்டியிலோ, ஐடிலிங்குக்கு வேண்டிய காற்றைத் தனி வால்வு ஒன்றின் வழியாக ஈ.சி.எம். தானே கூட்டிக் குறைக்கிறது. அதற்கு முதலில், ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார் என்பது அதற்குத் தெரிந்தாக வேண்டும். அதைச் சொல்லும் சாதனமே த்ராட்டில் பொசிஷன் சென்சார்.

இதில் மறைபொருள் எதுவும் இல்லை. பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் எந்தத் தத்துவத்தில் இயங்கிற்றோ, அதே தத்துவந்தான். மூன்று ஒயர்கள்: ஒன்றில் 5 வோல்ட் வரும், ஒன்று எர்த், நடுவில் உள்ள மூன்றாவது, காற்றுவழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டு மூடியிருக்கையில் ஏறக்குறைய அரை வோல்ட்டும், முழுதும் திறக்கையில் நான்கு வோல்ட்டுக்கு அருகிலும் காட்டும். உங்கள் வண்டிக்குரிய துல்லியமான எண்ணை சர்வீஸ் மானுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏ.சி. போட்டால் சிக்னலில் வண்டி உதறி அணையப் பார்க்கிறது என்பது மட்டுமே நான் பட்டறையில் சொன்ன குறை. த்ராட்டில் தட்டைச் சுற்றிக் கரி படிந்து காற்றுவழி குறுகிப் போயிருந்தது. ஒரு துணியும் சிறிது கிளீனரும் கொண்டு முடித்திருக்க வேண்டிய காரியம். அதைச் செய்யாமல், சாயத்தை உடைத்து, ஸ்க்ரூவைத் திருகி, தட்டையே சற்றுத் திறந்து வைத்துவிட்டார்கள். தட்டு திறந்ததும் சென்சாரின் வோல்ட்டும் உயர்ந்தது. கால் ஆக்ஸிலரேட்டரில் இருப்பதாகவே ஈ.சி.எம். எண்ணிற்று, ஆயிரத்துக்குக் கீழே இருக்க வேண்டிய ஐடிலிங் எப்போதும் ரேஸாகி நின்றது, மைலேஜ் சரிந்தது. மறுபடி கொண்டுபோனபோது, செய்த தவற்றைத் திருத்துவதற்குப் பதிலாக, சென்சாரின் இரு ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, அது மீண்டும் அரை வோல்ட் காட்டும்படி திருப்பி வைத்தார்கள். அதாவது, திறந்திருக்கும் தட்டை மூடியிருப்பதாகச் சொல்லும்படி சென்சாரைப் பொய்ச்சாட்சி ஆக்கினார்கள்.

இதன் விளைவை விரிவாகச் சொல்ல வேண்டும். என் பணம் போனது இங்கேதான். தட்டு மூடியிருக்கிறது, ஆனால் எஞ்சின் வேகம் அதிகமாக இருக்கிறது என்று கண்டால், வண்டி சரிவில் இறங்குவதாகக் கருதி ஈ.சி.எம். பெட்ரோலை நிறுத்திவிடும்; வேகம் விழுந்ததும் மீண்டும் கொடுக்கும்; திறந்த தட்டு வழியே காற்று தாராளமாக வருவதால் வேகம் மறுபடி ஏறும்; மறுபடி நிறுத்தும். நின்ற இடத்திலேயே எஞ்சின் ஏறுவதும் இறங்குவதுமாக ஓயாமல் ஊசலாடிற்று. இந்த ஊசலாட்டத்துக்குக் காரணம் தேடுவதாகச் சொல்லி ப்ளக்குகளை மாற்றினார்கள், இன்ஜெக்டர்களைக் கழுவினார்கள், பெட்ரோல் பம்ப்பையும் மாற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் பில் வந்தது. கடைசியில் சூப்பர்வைசர், "சார், பழைய வண்டி, கம்ப்யூட்டர் போயிடுச்சு, புதுசு போட்டுத்தான் ஆகணும்" என்றார். காரை விற்றால் கிடைக்கக்கூடிய தொகையில் கணிசமான பங்கை அந்தப் பெட்டிக்குக் கேட்டார். மறுத்துவிட்டு வண்டியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். வீட்டில் பலர் அதைப் பிடிவாதம் என்றார்கள்; நான் செய்த காரியங்களில் உத்தமமானது அதுவென்றே இன்றும் கருதுகிறேன்.

ரிச்சி தெருவில் முள் வைத்த பழைய மாதிரி மல்டிமீட்டர் ஒன்றை வாங்கினேன். டிஜிட்டல் மீட்டரைவிட இந்தப் பரிசோதனைக்கு முள்ளே மேல். சென்சாரின் உள்தடம் எங்காவது தேய்ந்திருந்தால், லீவரை மெல்லத் திறக்கையில் முள் அந்த இடத்தில் துள்ளி விழுந்து காட்டிக்கொடுக்கும். சாவியை ஆன் செய்து, எஞ்சினை ஓட்டாமல், கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்புறமாக மெல்லிய குண்டூசியைச் செருகி அளக்க வேண்டும். ஒயரின் தோலைக் குத்தினால் ஈரம் புகுந்து தாமிரம் பச்சை பிடித்துவிடும். மூடிய நிலையில் அரை வோல்ட். முள்ளும் துள்ளாமல் சீராக ஏறிற்று. இங்கேயே நிறுத்தியிருந்தால் சென்சார் பழுதில்லை, ஆகவே கம்ப்யூட்டர்தான் என்ற முடிவுக்கே நானும் வந்திருப்பேன். ஆனால் முழுதும் திறந்தபோது முள் மானுவலில் சொன்ன அளவை எட்டாமல் முன்னதாகவே நின்றுவிட்டது. தொடக்கம் சரியாகவும் முடிவு குறைவாகவும் இருந்தால், தட்டு முழு தூரமும் நகரவில்லை என்பதைத் தவிர வேறு அர்த்தம் இல்லை. ஸ்க்ரூவைப் பார்த்தேன், சாயம் உடைந்திருந்தது.

மற்றவை எளிய வேலைகள். கரியைக் கிளீனரில் நனைத்த துணியால் துடைத்தேன். சென்சார் மேல் கிளீனரை நேராக அடிக்கலாகாது. புரியில் எஞ்சியிருந்த சாயத்தை அடையாளமாக வைத்து ஸ்க்ரூவைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். அதன் பிறகே சென்சாரைத் தளர்த்தி, மீட்டரைப் பார்த்தபடி திருப்பி, முடுக்கினேன். முடுக்கும்போது அது சற்று நகரும், ஆகவே மறுபடி அளக்க வேண்டும். பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைச் சிறிது நேரம் கழற்றி மாட்டினேன். ஊசலாட்டம் நின்றது, ஏ.சி. போட்டும் எஞ்சின் உதறவில்லை. புதிய பாகம் ஒன்றுகூட வாங்க நேரவில்லை.

இந்த வரிசை முக்கியம்: முதலில் கரி, அடுத்து ஸ்க்ரூ, கடைசியில் சென்சார். உங்கள் சென்சாரின் ஸ்க்ரூத் துளைகள் நீளவாட்டில் இருந்தால்தான் அது திருப்பத்தக்கது. வட்டத் துளையானால் திருப்ப வழியில்லை. முள் துள்ளினால் தயங்காமல் மாற்றுங்கள். ஆனால் புதுப்பேட்டையில் கழற்றிய பழைய சென்சாரை வாங்க வேண்டாம், அதன் தடமும் அதே இடத்தில் தேய்ந்திருக்கும்.

ஈ.சி.எம். கெட்டுவிட்டது என்று எவரேனும் உங்களிடம் சொன்னால், எந்த ஒயரில் எத்தனை வோல்ட் வந்தது என்று கேளுங்கள். எண்ணைச் சொல்ல இயலாதவரிடம் தயவுசெய்து உங்கள் வண்டியை ஒப்படைக்காதீர்கள்.