ஒரு கடைக்காரரின் பதிப்புப் பணி

பதிப்பாசிரியர் என்றவுடன் ஏட்டுச் சுவடியும் கையுமாக அமர்ந்திருக்கும் புலவர் ஒருவரே நம் மாணவர் நினைவுக்கு வருவார். வணிகர் ஒருவர் தம் கடையில் இருந்தவாறே அப்பணியை ஆற்றிய வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம். களம் நியூயார்க் நகரின் 42ஆம் தெரு. அவர் பதிப்பித்தவை நூல்களல்ல, இசைத்தட்டுகள்.

1926இல் தொடங்கப்பெற்ற கமோடோர் கடை முதலில் வானொலிப் பெட்டிகளை விற்றுவந்தது. உரிமையாளரின் மகன் மில்ட் கேப்ளர், வாயிலின் மேல் ஒலிபெருக்கி ஒன்றைப் பொருத்தி வானொலி இசையைத் தெருவில் ஒலிக்கச் செய்தார். வழிப்போக்கர் உள்ளே வந்து இசைத்தட்டு உண்டா என வினவலாயினர். கடையின் போக்கே மாறிற்று. நாளடைவில் அது ஜாஸ் இசை அன்பர் கூடுமிடமாயிற்று.

விற்பனை குன்றிய தட்டுகளைப் பெருநிறுவனங்கள் கைவிட்டிருந்த காலம் அது. கேப்ளர் உரிமை பெற்று அவற்றை மறுபதிப்புச் செய்தார். தட்டின் நடுவே ஒட்டப்படும் வட்டத் தாளில் குழுத்தலைவர் பெயரை மட்டும் அச்சிடுவதே பொதுவழக்கு. 1935 முதல் வெளிவந்த கேப்ளரின் மறுபதிப்புகளிலோ உடன் வாசித்தோர் பெயர்களும் இடம்பெற்றன. புலவர் பெயர் மறைந்தவிடத்துப் பாட்டின் தொடரையே பெயராக்கிச் 'செம்புலப்பெயனீரார்' எனப் போற்றிய மரபில் வந்த நமக்கு இச்செயலின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

1938இல் அவர் தாமே புதிய இசையைப் பதிவு செய்து வெளியிடத் தொடங்கினார். மறு ஆண்டில் பாடகி பில்லி ஹாலிடே, 'விந்தைக் கனி' எனப் பொருள்படும் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' என்ற பாடலோடு அவரை நாடினார். அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களைக் கும்பல்கள் கொன்று மரங்களில் தொங்கவிட்ட கொடுமையைப் பாடுவது அது. இயற்றிய ஏபெல் மீரொபோல் ஓர் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் என்பதில் நமக்குச் சிறிது பெருமையும் உண்டு. ஹாலிடேயை ஒப்பந்தம் செய்திருந்த கொலம்பியா நிறுவனம், தென்மாநிலத்தாரின் எதிர்ப்பை அஞ்சி அதனைப் பதிய மறுத்தது. வேறிடத்தில் பதிந்துகொள்ள இசைவு மட்டும் அளித்தது. 1939 ஏப்ரல் 20ஆம் நாள் கேப்ளர் அதனைப் பதிவு செய்தார். அவர் இலாபத்தை வெறுத்தவர் என்று கூறுவதற்கில்லை. தட்டின் மறுபுறத்தில் இருந்த 'ஃபைன் அண்ட் மெல்லோ' நன்றாகவே விற்றது. எனினும் பெருநிறுவனம் ஏற்க அஞ்சிய பொறுப்பை ஒரு சிறுகடை ஏற்றது என்பதை மறுக்க இயலாது.

1941இல் கேப்ளர் டெக்கா நிறுவனத்தில் பணியேற்றார். பில் ஹேலியின் 'ராக் அரவுண்ட் த கிளாக்' 1954இல் அவர் மேற்பார்வையில் பதிவானதே. கமோடோர் கடை 1958இல் மூடப்பட்டது. கேப்ளர் 2001இல் மறைந்தார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காத்துவரும் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில், 2002ஆம் ஆண்டுக்கான முதல் தேர்விலேயே 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' இடம்பெற்றது.

உடன் வாசித்தோர் பெயரையெல்லாம் காத்த அக்கடை வெளியிட்ட அப்பாடலில் மீரொபோலின் இயற்பெயர் மட்டும் இல்லை. உயிரின்றிப் பிறந்த தம் மைந்தர் இருவரின் பெயர்களை இணைத்து அவர் புனைந்துகொண்ட 'லூயிஸ் ஆலன்' என்ற பெயரே அதற்கு உரியதாயிற்று.