மின்வளம் பேணும் கைகள்: நூலகப் பணியாளர் திறனை அறிதலும் வளர்த்தலும்

நூலகம் என்றவுடன் நம் மனக்கண்முன் விரிவன அடுக்கடுக்கான நூல்களும், சேர்க்கைப் பதிவேடும், தேதி முத்திரை இடும் மேசையுமே ஆகும். ஆயின் இன்றைய கல்லூரி நூலகத்தின் செல்வத்தில் ஒரு பெரும்பகுதி எந்த அடுக்கிலும் இல்லை. மின்னிதழ்களும் மின்னூல்களும் தரவுத்தளங்களும் எங்கோ ஒரு வெளியீட்டாளரின் கணிப்பொறியில் இருக்க, அவற்றைப் படிக்கும் உரிமையை மட்டுமே நாம் பெரும்பாலும் ஆண்டுச் சந்தாவாகப் பெறுகிறோம். அச்சு நூலை ஒருமுறை வாங்கிப் பதிந்து அடுக்கில் வைத்துவிடலாம். மின்வளத்தையோ நாள்தோறும் பேணுதல் வேண்டும். அப்பேணுதலைச் செய்வோர் யாவர், அவர்தம் திறனை அளப்பது எங்ஙனம், வளர்ப்பது எங்ஙனம் என்னும் வினாக்களை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

வளம் பெருகியமைக்குச் சான்றுகள் உள. 1991-இல் ஒரு திட்டமாகத் தொடங்கி 1996-இல் தன்னாட்சி மையமாக உருப்பெற்ற இன்ஃப்லிப்நெட், 2010-இல் என்-லிஸ்ட் திட்டத்தின் வழியே கல்லூரிகளுக்கும் மின்னிதழ்களின் கதவைத் திறந்தது. 2024 நவம்பர் 25 அன்று நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களை அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு வழங்க முனைந்தது. இதழ்களுக்குக் கோடிகள் கணக்கிடப்படுகின்றன. அவற்றை மாணவரிடம் கொண்டுசேர்க்கும் பணியாளரின் பயிற்சிக்கு நம் கல்லூரிகளின் வரவு செலவுத் திட்டத்தில் எத்தனை ரூபாய் உண்டு என்று வினவினால், பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் நாம் நேரில் கண்டதை ஈண்டுக் குறிப்பிடுதல் பொருந்தும். அக்கல்லூரி ஒரு தரவுத்தளத்திற்குச் சந்தா செலுத்தி வந்தது. கல்லூரியின் ஐ.பி. எண்ணைக் கண்டு வெளியீட்டாளரின் கணிப்பொறி கதவைத் திறக்கும். பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தேவையில்லை. கோடை விடுமுறையில் இணைய இணைப்பு வேறொரு நிறுவனத்திற்கு மாற்றப்பட்டது. எண்ணும் மாறியது. அதனை வெளியீட்டாளர்க்கு அறிவித்தல் வேண்டும் என்பது எவர்க்கும் தோன்றவில்லை. நூலகர் அது கணிப்பொறி மையத்தின் பணி என்றிருந்தார். கணிப்பொறி மையத்தார் சந்தா நூலகத்துடையது என்றிருந்தனர். அலுவலகமோ பணம் கட்டியாயிற்று என்றிருந்தது.

ஐந்து மாதங்கள் கதவு மூடியே கிடந்தது. முனைவர் பட்ட ஆய்வு மாணவி ஒருவர் தம் கல்லூரி சந்தா கட்டியிருந்த இதழின் இரண்டு கட்டுரைகளுக்காகப் பேருந்தேறிப் பல்கலைக்கழக நூலகத்திற்குச் சென்று வந்தார். ஆண்டிறுதியில் பயன்பாட்டுக் கணக்கு வந்தபோது எண்கள் மிகக் குறைவாக இருந்தன. 'மாணவர்கள் படிப்பதில்லை, சந்தாவை நிறுத்திவிடலாம்' என்று குழுவில் முடிவெடுக்கும் நிலை வந்தது.

அப்போது உதவியது ஒரு குறிப்பேடு. முத்திரையிடும் மேசையில் கால் நூற்றாண்டு பணியாற்றிய நூலக உதவியாளர் ஒருவர், கணிப்பொறியைத் தொடவே தயங்குபவர், மாணவர் சொல்லும் குறைகளையெல்லாம் தேதியிட்டு எழுதிவைக்கும் பழக்கம் உடையவர். 'ஜூன் 19, இதழ் திறக்கவில்லை. பணம் கேட்கிறது' என்று அதில் ஒரு வரி இருந்தது. அதனை ஒட்டிப் பல வரிகள். இணைப்பு மாறிய நாளையும் இக்குறிப்புகளையும் ஒப்பிட்ட பின்னரே உண்மை புலனாயிற்று. ஒரு மின்னஞ்சலில் தீர்ந்த சிக்கல் அது!

அவ்வுதவியாளரைக் கணிப்பொறித் தேர்வில் அமர்த்தியிருந்தால் தோற்றிருப்பார். ஆயினும் குறைகளை முறையாகப் பதிவு செய்தல் மின்வளப் பணியின் உயிர்நாடியான திறன்களுள் ஒன்று. அஃது அவரிடம் இருந்தது. பட்டம் பெற்ற ஏனையோரிடம் இல்லை. ஆகவே திறன் அறிதல் என்பது இல்லாதவற்றைக் கண்டுபிடித்துப் பட்டியலிடும் வேலை மட்டுமன்று. இருப்பவற்றைக் கண்டுகொள்ளுதலும் அதன் பாதி என்பது எம் கருத்து.

வேண்டும் திறன்கள் எவை?

வட அமெரிக்காவில் பருவ இதழ்ப் பணியாளர்களின் குழுவாகத் தோன்றிய நேசிக் என்னும் அமைப்பு, மின்வள நூலகர்க்கு வேண்டும் அடிப்படைத் திறன்களைத் தொகுத்து 2013-இல் ஏற்றது, பின்னரும் திருத்தியது. நூலகர் பணிக்கான விளம்பரங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு இதற்கு அடித்தளமாயிற்று. மின்வளத்தின் வாழ்க்கைச் சுழற்சி, தொழில்நுட்பம், ஆய்வும் மதிப்பீடும், தொடர்பாடல், மேற்பார்வையும் நிர்வாகமும், துறையின் புதுப்போக்குகளை அறிதல், தனிப்பண்புகள் என ஏழு பிரிவுகள் அதில் உள.

இவற்றுள் முதலாவதே நம்மவர்க்கு இன்றியமையாதது. ஒரு மின்வளத்தைச் சோதனை முறையில் பெற்றுப் பார்த்தல், விலை பேசுதல், உரிம ஒப்பந்தத்தைப் படித்துக் கையொப்பத்திற்கு வைத்தல், அணுகலை ஏற்படுத்துதல், நூற்பட்டியலில் இணைப்புத் தருதல், அறுந்த இணைப்பைச் சீர்செய்தல், பயன்பாட்டை அளத்தல், புதுப்பித்தல் அல்லது நிறுத்துதல் என அது சுழல்கிறது. ஒரு கண்ணி அறுந்தாலும் படிப்பவர்க்குத் தெரிவது 'திறக்கவில்லை' என்னும் ஒன்றே.

ஒப்பந்தம் படித்தல் நம் நூலகங்களில் பெரிதும் புறக்கணிக்கப்படும் திறனாகும். முன்னாள் மாணவர்கள் பயன்படுத்தலாமா? நூலகத்திற்கு நேரில் வரும் ஊர்ப் பெரியவர் ஒருவர் ஒரு கட்டுரையைத் திறந்து படிக்கலாமா? பிற நூலகத்திற்கு ஒரு படி அனுப்பலாமா? இவற்றுக்கு விடை ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் வேறுபடும். சில ஒப்பந்தங்கள் நேரில் வருவோரை வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன; நாமோ படித்துப் பாராமலே 'கூடாது' என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். மறுபுறம், ஒரே ஆள் ஓர் இதழின் அனைத்துக் கட்டுரைகளையும் மொத்தமாகப் பதிவிறக்கினால் கல்லூரி முழுமைக்கும் வெளியீட்டாளர் கதவை அடைத்துவிடக்கூடும் என்பதை மாணவர்க்கு முன்கூட்டி எடுத்துரைப்பாரும் இல்லை.

தனிப்பண்புகள் என்னும் ஏழாம் பிரிவைச் சிலர் அலங்காரம் எனக் கருதலாம். அவ்வாறன்று. நேற்று இருந்த திரை இன்று மாறியிருக்கும்; நேற்று இருந்த இதழ் இன்று வேறு வெளியீட்டாளரிடம் போயிருக்கும். தெளிவின்மையைப் பொறுத்துக்கொண்டு பணியாற்றும் மனநிலையும் ஒரு திறனே.

அளக்கும் முறை

'உமக்குக் கணிப்பொறி தெரியுமா?' என்று கேட்பது அளவீடு ஆகாது. 'தெரியும்' என்னும் விடையும் 'தெரியாது' என்னும் விடையும் ஒருங்கே பயனற்றவை. பாடத் தலைப்புகளைப் பட்டியலிடாது செய்பணிகளைப் பட்டியலிடுதல் வேண்டும். ஒவ்வொரு பணிக்கும் எதிரே நான்கு கட்டங்கள்: அறியேன், கேட்டுச் செய்வேன், தனியே செய்வேன், பிறர்க்குக் கற்பிப்பேன். இதனை நூலகர் முதல் அட்டெண்டர் வரை அனைவரும் நிரப்புக. நூலகரே முதலில் நிரப்பி மேசைமேல் வைத்தல் நன்று. அது பிறர் அச்சத்தைப் போக்கும்.

தம்மைத் தாமே மதிப்பிடுவதில் ஒரு குறை உண்டு. அடக்கமுடையோர் குறைத்து எழுதுவர். ஏனையோர் கூட்டி எழுதுவர். ஆதலின் சில பணிகளைச் செய்து காட்டச் சொல்லுதல் வேண்டும். கல்லூரி வளாகத்திற்கு வெளியே, ஒரு மாணவரின் கைப்பேசியில், அவருடைய பயனர் பெயரைக் கொண்டு ஒரு கட்டுரையைத் திறந்து காட்டுக. திறக்காத இணைப்பு ஒன்றைத் தந்து, குறை நம் பக்கமா வெளியீட்டாளர் பக்கமா எனக் கண்டறியச் செய்க. ஒப்பந்தம் ஒன்றைத் தந்து, முன்னாள் மாணவர்க்கு இடமுண்டா எனத் தேடச் செய்க. அரைநாளில் முடியும் இச்சோதனை, பல சான்றிதழ்கள் சொல்லாததைச் சொல்லிவிடும்.

இவ்வளவீட்டின் முடிவைப் பதவி உயர்வுக்கோ தண்டனைக்கோ பயன்படுத்தலாகாது. அவ்வாறு பயன்படுத்திய மறு ஆண்டே அனைவரும் நான்காம் கட்டத்தில் குறியிடுவர். தாள் அழகாக இருக்கும், இணைப்பு அறுந்தே கிடக்கும்.

எண்களைப் படிக்கும் கலை

பயன்பாட்டுக் கணக்குப் பற்றித் தனியே கூற வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டாளரும் ஒவ்வொரு விதமாக எண்ணி வந்த நிலையை மாற்றப் பொது விதிமுறை ஒன்றை வகுக்கும் கவுன்ட்டர் என்னும் முயற்சி 2002-இல் தோன்றியது. அதன் ஐந்தாம் பதிப்பு 2019 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுச் சந்தா 60,000 ரூபாய் என்றும், ஓராண்டில் 300 கட்டுரைகள் திறக்கப்பட்டன என்றும் கொள்வோம்; ஒரு கட்டுரையின் விலை 200 ரூபாய். 3,000 திறக்கப்பட்டிருப்பின் 20 ரூபாய். இவ்வகுத்தலை எவரும் செய்வர். ஆனால் 300 ஏன் 300 ஆயிற்று என்று கேட்பதே திறன். மாணவர்க்குப் பயனர் பெயர் தரப்பட்டதா? இணைப்பு இயங்கியதா? பாடத்திட்டத்திற்கும் அத்தரவுத்தளத்திற்கும் தொடர்புண்டா? கவுன்ட்டர் அறிக்கைகளில், உரிமம் இன்மையால் மறுக்கப்பட்ட முயற்சிகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. கட்டுரையைத் தேடி வந்து திரும்பியோர் எத்தனை என்பதை அது காட்டும். அடுத்த ஆண்டு எதனை வாங்கலாம் என்பதற்கு அதுவே நல்ல வழிகாட்டி. அதனைத் திறந்து பார்க்கும் நூலகங்கள் சிலவே என்பது எம் அனுபவம்.

வளர்க்கும் முறை

சீர்காழியில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த எஸ்.ஆர். அரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றபோது நூலகவியல் பயின்றவர் அல்லர். பதவி முதலில் வந்தது. இங்கிலாந்து சென்று பெற்ற பயிற்சி பின்னர் வந்தது. திரும்பியவர் தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1929-இல் அச்சங்கம் நூலகப் பணியாளர்க்குக் கோடைக்காலப் பள்ளி தொடங்கியது. 1931-இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளுள் ஒன்று படிப்பவரின் நேரத்தைப் பற்றியது. பேருந்தேறிச் சென்ற அந்த ஆய்வு மாணவியின் ஒரு நாளை அவ்விதியின் முன் வைத்துப் பார்க்கலாம்.

பயிற்சி என்றால் நம்மிடையே ஒருநாள் பட்டறை, பொன்னாடை, தேநீர், சான்றிதழ் என்றே பொருளாகிவிட்டது. சென்று வந்தவர் மறுவாரம் அதனைச் செய்ய வாய்ப்பில்லையேல் மறந்துவிடுவார். வாரத்தில் ஒரு மணி நேரம், வாசகர் வரவு குறைந்த வேளையில், அவ்வாரம் வந்த ஒரு குறையையே பாடமாகக் கொண்டு கற்றல் இதனினும் பயனுடையது. நான்காம் கட்டத்தில் குறியிட்டவர் கற்பிக்க, இரண்டாம் கட்டத்தவர் கையால் செய்தல் வேண்டும். இளையவர் கணிப்பொறி கற்பிக்கும் அதே மணியில், மூத்தவர் பகுப்பு எண்ணையும் பதிவொழுங்கையும் கற்பிக்கட்டும். மூத்தோர்க்கு இழுக்கும் இராது. இளையோர்க்குச் செருக்கும் வாராது.

பணிகளைப் பங்கிடுங்கால் ஒவ்வொன்றுக்கும் இருவரை அமர்த்துதல் வேண்டும். வெளியீட்டாளரின் நிர்வாகக் கடவுச்சொல் ஒருவர் மனத்தில் மட்டுமே இருந்து, அவர் ஓய்வு பெற்றதும் நூலகம் தன் கணக்கிற்குள்ளேயே நுழைய இயலாது தவித்ததை நாம் அறிவோம். உறையிட்டு முதல்வர் அலுவலகத்தில் வைத்தல் பழைய முறைதான். இதற்கு அதுவே போதும். ஐ.பி. எண் மாறினால் எவரெவர்க்கு எழுத வேண்டும் என்னும் ஒருபக்கத் தாளும் அவ்வுறையிலேயே இருக்கட்டும்.

செலவு அதிகமில்லை. இன்ஃப்லிப்நெட் பயனர் விழிப்புணர்வு நிகழ்ச்சிகளை நடத்தி வருகிறது. கவுன்ட்டரின் விளக்கக் கையேடுகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நிர்வாகத்தார் தர வேண்டியது பெரும்பாலும் நேரமே: வாரம் ஒரு மணி வீதம் ஆண்டுக்கு நாற்பது மணி, அந்நேரத்தில் மேசையைப் பார்த்துக்கொள்ள ஒரு மாற்றாள், ஜூன் மாதத்தில் கல்லூரி திறக்குமுன் ஒவ்வொரு தரவுத்தளத்தையும் வளாகத்தினுள்ளும் வெளியிலுமிருந்து திறந்து பார்க்க ஒரு முழுநாள்.