பழி கைபேசிக்கு மட்டும்தானா?

நம்பிக்கை: சமூக ஊடகமே ஊரையும் உயிரையும் கெடுக்கிறது.

உண்மை: இந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க, கிரிவலப் பாதையில் அமைந்த அடி அண்ணாமலை அடங்கிய திருவண்ணாமலை மாவட்டத்திலேயே கொடிய சான்று ஒன்று உண்டு. 2018 மே 9 அன்று, போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில், குலதெய்வக் கோயிலுக்குச் செல்ல வந்து வழி கேட்ட குடும்பத்தாருள் 65 வயது மூதாட்டி ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததைக் கண்டவர்கள், பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று ஐயுற்றுத் தாக்கியதில், அம்மூதாட்டி உயிரிழந்தார். அக்காலத்தில் நாடெங்கும் வாட்ஸ்அப்பில் பரவிய கடத்தல் காணொளிகளுள் ஒன்று, பாகிஸ்தானில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அதன் இறுதியிலிருந்த விளக்கத்தை யாரோ வெட்டி நீக்கியிருந்தனர்.

அக்கொலையில் வாட்ஸ்அப்புக்குப் பங்கு இல்லை என்று கூற இயலாது. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் அந்நிறுவனம் கட்டுப்பாடு விதிக்க முற்பட்டது, பல உயிர்கள் போன பின்னர், 2018 ஜூலையில்தான். எனினும், வெட்டியவரும் அனுப்பியவரும் கைகளை ஓங்கியவரும் மனிதரே. பௌர்ணமிதோறும் திரளான வெளியூரார் நடந்து செல்லும் அடி அண்ணாமலையில், கைபேசிகள் இருந்தும், அயலார் வழி கேட்பது இயல்பான காட்சி; அயல்முகம் கண்டதும் அச்சம் கொள்வது கைபேசியால் மட்டும் விளைவதன்று என்பதற்கு இதுவே போதிய குறிப்பாகும். வாட்ஸ்அப் தோன்றுவதற்கு முன்பே, 1995 செப்டம்பர் 21 அன்று, பிள்ளையார் பால் குடிக்கிறார் என்னும் செய்தி ஒரே நாளில் நாடு முழுதும் பரவியதும் நினைக்கத்தக்கது.

நம்பிக்கை: இளையோரின் மனச்சோர்வுக்கு இன்ஸ்டாகிராம் போன்றவையே காரணம்.

உண்மை: இரண்டு நிலைகள் சேர்ந்து ஏறி இறங்குவதைப் புள்ளியியலார் ஒட்டுறவு என்பர், ஒன்று மற்றொன்றை விளைவிப்பது காரண உறவாகும். மனம் சோர்ந்த பிள்ளை கைபேசியில் தஞ்சம் புகுவதும், கைபேசி மிகுந்து மனம் சோர்வதும் கணக்கில் ஒன்றுபோலவே தோன்றும். 2019இல் ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி ஆகிய ஆய்வாளர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தரவுகளை ஆராய்ந்து, அவர்களது நலவாழ்வில் காணப்படும் வேறுபாட்டில் மின்னணுக் கருவிப் பயன்பாடு விளக்குவது அதிகம் போனால் 0.4 விழுக்காடே என்றனர். அது சராசரிக் கணக்கு. இரவு ஒரு மணி வரை ரீல்ஸ் பார்த்து, தூக்கமின்றிப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் கேட்டை அது மறுப்பதாகாது. ஆனால், கைபேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு, தேர்வு அச்சத்தையும் வீட்டுச் சண்டையையும் கேளாமல் விடும் பெற்றோர், நோயின் ஒரு பகுதியை மட்டுமே தொடுகின்றனர்.

பிள்ளையின் சோர்வு நீடிக்குமாயின், 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம். குழந்தை கடத்தல் என்று செய்தி வந்தால், அதைப் பிறருக்கு அனுப்பாமல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும்.