போன எலும்பு திரும்ப வருமா?



"பல்லுதானே, பிடுங்கிட்டாப் போச்சு" என்று பெரியவங்க சொல்வாங்க. ஆனால் பல்லோடு பல் மட்டும் போவதில்லை. அதைத் தாங்கிய தாடை எலும்பும் தேய ஆரம்பிக்கும். ஒரு வருடத்தில் அந்த இடத்து எலும்பின் அகலம் ஏறக்குறைய பாதியாகிவிடலாம். முதல் 3 மாதத்தில்தான் அதிகமாகத் தேயும்.

இம்ப்ளான்ட் என்பது டைட்டானியத்தால் ஆன திருகு. அதை எலும்பில் பதித்து, மேலே செயற்கைப் பல் பொருத்துவார்கள். சுவீடன் நாட்டு மருத்துவர் பிரோனேமார்க் 1965-ல் இதை ஒருவருக்குப் பொருத்தினார். ஆனால் ஆணி அடிக்கச் சுவர் வேண்டுமே! எங்க அத்தைகிட்ட டாக்டர், "எலும்பு பத்தாதும்மா" என்று சொல்லிவிட்டார். அதனால்தான் நான் இதைப் படித்தேன்.

இதற்கு நம் இரத்தமே உதவும். டெங்கு வந்தால் "பிளேட்லெட் குறைஞ்சுபோச்சு" என்பார்களே, அந்த இரத்தத் தட்டுகள்தான். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை இருக்கும். இவை இரத்தம் ஒழுகுவதை நிறுத்தும். அதோடு வளர்ச்சிக் காரணிகள் என்னும் பொருள்களை வெளியிட்டு, காயத்தை ஆற்றும் செல்களை அங்கே வரவழைக்கும்.

அமெரிக்க மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் 1998-ல் தட்டுகள் மிகுந்த பிளாஸ்மாவைத் தாடை எலும்புச் சிகிச்சையில் பயன்படுத்தியதை எழுதினார். 2001-ல் பிரான்ஸ் நாட்டு ஷுக்ரூன் இன்னும் எளிய முறையைச் சொன்னார். அது இப்படி:

1. நோயாளியின் கையிலிருந்து சுமார் 10 மில்லி இரத்தம் எடுப்பார்கள். உறையாமல் தடுக்கும் மருந்து சேர்க்க மாட்டார்கள்.

2. உடனே அதைச் சுழற்றும் கருவியில் வைத்து 10, 12 நிமிடம் சுற்றுவார்கள்.

3. கலங்கல் தண்ணியில மண் அடியில தங்குற மாதிரி சிவப்பணுக்கள் அடியில் தங்கும். மேலே மஞ்சள் நீர் நிற்கும். நடுவில் கட்டித் தயிர் போல ஒன்று திரளும். அது ஃபைப்ரின் வலை. தட்டுகள் அதில்தான் சிக்கியிருக்கும்.

4. அதை எடுத்து, பல் எடுத்த குழியில் வைப்பார்கள். அல்லது எலும்புத்தூளோடு கலந்து வைப்பார்கள்.

இது மந்திரமா? இல்லை. புண் சீக்கிரம் ஆறவும் வலி குறையவும் இது உதவுகிறது. எலும்பு வளர்வதில் ஆராய்ச்சி முடிவுகள் ஒன்றுபோல இல்லை. நிறைய எலும்பு தேய்ந்திருந்தால் இது மட்டும் போதாது. உரம் மட்டும் போட்டால் அவரைக்கொடி ஏறிவிடுமா? பந்தல் வேணும்ல! எலும்புத்தூள்தான் அந்தப் பந்தல். புது எலும்பு உருவாகப் பல மாதம் ஆகும். புகைபிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கும் ஆறுவது கஷ்டம்.

ஆகவே நண்பர்களே, உங்க வீட்டில் யாராவது பல் பிடுங்கப் போனால் முதலில் டாக்டரிடம், "இந்தப் பல்லைக் காப்பாத்த முடியுமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். வேர் சிகிச்சையால் பிழைக்கிற பற்கள் நிறைய உண்டு.

யோசியுங்கள்: இரத்தத் தட்டுகளுக்கு உட்கரு உண்டா? விடையை அறிவியல் டீச்சரிடம் சொல்லுங்கள்.



— 9-ம் வகுப்பு மாணவி